ஓடத் தெரிந்த பிள்ளையும் ஐம்பத்து நாலு விழுக்காடும்



மே மாதம் போசரிக்கு இரண்டு வெப்பங்களைக் கொண்டுவருகிறது. ஒன்று வானத்திலிருந்து இறங்குவது. மற்றொன்று மகாராஷ்டிரக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவோடு வருவது. ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்தில், ஒரு தகப்பனார் இன்னொருவரிடம் தாழ்ந்த குரலில் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "பிரதர், பையன் ஐம்பத்து நாலு பெர்சென்ட்தான் எடுத்திருக்கிறான். ஆனால் நன்றாக ஓடுவான், பள்ளியில் இரண்டு மெடல் வாங்கியிருக்கிறான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்கேயாவது ஒரு சீட் கிடைக்காதா?"

கிடைக்கக்கூடும் என்பதே உண்மையான பதில். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் மாதம்தான் பிந்திவிடுகிறது. விளையாட்டு ஒதுக்கீடு என்பது மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குக் கல்லூரி காட்டும் இரக்கம் அன்று. அந்தப் பிள்ளை பதினான்கு வயதிலிருந்து எங்கே ஆடினான், யார் நடத்திய போட்டியில் ஆடினான், எந்த நிலை வரை போனான் என்ற கணக்கை எடுத்துவைத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. கணக்கு இருந்தால் ஐம்பத்து நாலு விழுக்காடு தடையாகாத கல்லூரிகள் பல உண்டு. கணக்கு இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது ஊராருக்கு மட்டுமே தெரிந்த வேகம்.

கட்கியில் தொடங்கிய ஒரு வழி

நமக்கு மிக அருகிலுள்ள சாட்சியிலிருந்து தொடங்குவோம். போசரியிலிருந்து நாசிக் பாட்டா வந்து, தாபோடி தாண்டினால் கட்கி. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில், மைதானப் பராமரிப்பாளராக இருந்த நாகலிங்கம் பிள்ளைக்கும் ஆண்டாளம்மாளுக்கும் 1968 ஜூலை 16 அன்று பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. உடைந்த மட்டைகளையும் எறியப்பட்ட பந்துகளையும் வைத்துக்கொண்டு அந்தப் புழுதி மைதானத்தில் ஹாக்கி கற்றவர். 1989இல் இந்திய அணியில் சேர்ந்தார். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளிலும் ஆடினார். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவருடைய தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அணியில் அவரோடு ஆடிய விக்ரம் பிள்ளையும் புனேயைச் சேர்ந்த தமிழரே. பிழைப்புக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த மண்ணில் வேரூன்றியதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

ஆனால் அவர் உயர்ந்த வழியைக் கவனியுங்கள். அது கல்லூரி வழி அன்று, கம்பெனி வழி. மூத்த சகோதரர் ரமேஷ் மும்பையில் ஆர்.சி.எஃப். உர நிறுவனத்தின் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். தம்பி அவரிடம் போய்ச் சேர்ந்து, பிறகு மகிந்திரா நிறுவன அணிக்கும், அதன்பின் இந்தியன் ஏர்லைன்ஸ் அணிக்கும் ஆடினார். அந்நாளில் ஒரு தொழிற்சாலை நல்ல ஆட்டக்காரனைக் கண்டால் வேலை கொடுத்துத் தன் அணியில் வைத்துக்கொள்ளும். அந்த வாசல் இன்று முழுவதும் அடைபடவில்லை. ரயில்வேயும் ராணுவமும் காவல்துறையும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் இன்னும் ஆட்களை எடுக்கின்றன. ஆயினும் அகலம் குறைந்துவிட்டது. இந்தியன் ஏர்லைன்ஸ் 2007இல் ஏர் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அந்த ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் தனியார் கைக்குப் போயிற்று. போசரி தொழிற்பேட்டையில் இன்று எத்தனை பட்டறைகள் நிரந்தர வேலை தருகின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். அவை ஹாக்கி அணி வைத்து நடத்தும் காலமும் இதுவன்று.

ஆகவே விளையாடும் பிள்ளைக்கு இப்போது கல்லூரியே முதல் படியாகிவிட்டது. பட்டம் இல்லாத ஆட்டக்காரன் தாழ்ந்த பணிநிலையிலேயே நின்றுவிடுகிறான் என்பதும் இதற்கு ஒரு காரணம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பத்தாம் வகுப்புக்கு ஒரு நிலை, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு நிலை, பட்டத்துக்கு ஒரு நிலை என்று இருக்கிறது. பதக்கத்தின் உயரத்தோடு படிப்பின் உயரத்தையும் சேர்த்தே அங்கே பார்க்கிறார்கள்.

மதுரையில் ஒரு விடுதி அறை

கல்லூரி இடம் ஒரு வாழ்க்கையை எப்படித் திருப்பும் என்பதற்கு ரேவதி வீரமணியின் சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மதுரைக்கு அருகே சக்கிமங்கலத்தைச் சேர்ந்தவர். மிகச் சிறு வயதில் தகப்பனாரையும், சில மாத இடைவெளியில் தாயாரையும் நோயினால் இழந்தார். அவரையும் தங்கையையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி ஆரம்மாள். வயல் வேலையும் செங்கற்சூளை வேலையும் செய்து பிழைத்த அந்த மூதாட்டியிடம், பெண்பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடும்படி உறவினர் வற்புறுத்தினார்கள். அவர் அதற்கு இணங்காமல் இருவரையும் பள்ளிக்கே அனுப்பினார்.

பள்ளிப் போட்டி ஒன்றில் ரேவதி வெறுங்காலுடன் ஓடியதைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பயிற்சிக்கு அழைத்தார். பாட்டி தயங்கினார். நாள்தோறும் மைதானத்துக்குப் போய்வரப் பேருந்துக் காசுக்கு வழியில்லாத வீடு அது. பயிற்சியாளர் பாட்டியிடம் பேசிச் சம்மதம் பெற்றதோடு நிற்கவில்லை. 1948இல் மிஷனெரி கேத்தி வில்காக்ஸ் அம்மையார் நிறுவிய மதுரை லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்கு இடம் கிடைக்கவும், தங்க விடுதி கிடைக்கவும் உதவினார். பேருந்துக் காசு என்ற கேள்வி அதோடு மறைந்தது. மூன்று வேளை உணவு, மாலையில் மைதானம், இரவில் உறக்கம் என்று நாள் ஒழுங்குபட்டது.

அதன்பின் 2016 முதல் 2019 வரை கண்ணனிடமே பயிற்சி. பிறகு பாட்டியாலாவில் தேசிய முகாம். அங்கே குறுந்தூர ஓட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மாற்றப்பட்டார். 2021 ஜூலையில் நடந்த தகுதி ஓட்டத்தில் 53.55 வினாடியில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம் பெற்றார். அந்த அணியில் ஓடிய நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டவர். பதக்கம் வரவில்லை, முதற்சுற்றோடு முடிந்தது. ஆனாலும் சக்கிமங்கலத்துப் பெண்ணுக்குத் தென்னக ரயில்வேயில் வேலையும் நிலையான வருமானமும் இருந்தன. ஒலிம்பிக் என்ற சொல்லைக் கேட்டு மயங்குகிற நாம் இந்த இரண்டாவது பலனைக் கவனிக்கத் தவறுகிறோம். பெரும்பாலான விளையாட்டுப் பிள்ளைகளுக்கு வாய்க்கக்கூடியது அந்த இரண்டாவது பலன்தான்.

இந்தச் சரித்திரத்தில் கல்லூரி மாணவியைத் தேடிப் போகவில்லை. இடையில் நின்று பேசியவர் ஒரு பயிற்சியாளர். நம்முடைய பிள்ளைகளுக்கும் அந்த இடைநிலை மனிதர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளியின் பி.டி. மாஸ்டர், மாநகராட்சி மைதானத்தின் பயிற்சியாளர், கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் ஆகிய மூவரே அந்த மனிதர்கள். மைதானத்துக்கும் குறைவில்லை. கபடிக்கும் மல்யுத்தத்துக்கும் பேர்போன ஊர் நம்முடையது. இந்திராயணி நகரில் சந்த் ஞானேஸ்வர் வளாகத்தின் செயற்கை ஓடுபாதை இருக்கிறது. பிம்பிரி நேரு நகரில் மேஜர் தியான் சந்த் ஹாக்கி மைதானம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஆடவர் தேசிய ஹாக்கிப் போட்டியே அங்கே நடந்தது. பாலேவாடி வளாகம் 1994 தேசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. இத்தனையும் நம் பேருந்துத் தொலைவுக்குள் இருக்க, நம் பிள்ளைகளில் பலர் தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகளுக்கு இடையே ஓடிப் பழகுகிறார்கள்.

கல்லூரி எதைப் பார்க்கிறது

கல்லூரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் கல்லூரிகளுக்கிடையே போட்டிகள் நடத்துகிறது. அதில் தேறியவர்கள் பல்கலைக்கழக அணியாக, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிக்குப் போகிறார்கள். 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டும் சேர்ந்துள்ளது. இந்தப் போட்டிகளில் கல்லூரியின் பெயரைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். உடற்கல்வி இயக்குநர் தம் அணியில் யார் படிப்பை முடித்துப் போகிறார்கள் என்று கணக்குப் பார்த்து, அந்தக் காலி இடத்துக்கே ஆள் தேடுகிறார். ஹாக்கியில் கோல் காப்பவன் போகிறான் என்றால் கோல் காப்பவன்தான் வேண்டும். அவ்வாண்டில் எவ்வளவு திறமையான முன்கள ஆட்டக்காரன் வந்தாலும் அவனுக்கு இடமில்லாமல் போகலாம்.

ஆகையால் கூட்டம் குறைந்த விளையாட்டுக்கு மதிப்பு அதிகம். கிரிக்கெட்டில் ஓர் இடத்துக்கு நூறு பிள்ளைகள் நிற்பார்கள். குண்டு எறிதலிலும் தடை ஓட்டத்திலும் நடைப் போட்டியிலும் கைப்பந்திலும் அவ்வளவு நெரிசல் இராது. உடல்வாகு ஒத்துவரும் பிள்ளையை 13, 14 வயதில் இப்படிப்பட்ட ஒன்றுக்குத் திருப்புவது விவேகம். பிள்ளையின் விருப்பத்துக்கு விரோதமாய் அல்ல. ஆனால் தொலைக்காட்சியில் வருவது ஒன்றுதான் விளையாட்டு என்ற எண்ணத்தை நாமே அவனுக்கு ஊட்டாதிருந்தால் போதும்.

ஒதுக்கீட்டின் அளவும் ஒரே மாதிரி அன்று. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. மருத்துவப் படிப்பிலோ 7 இடங்களே. அதுவும் நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்குள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் திறனுக்கு 75 பங்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 25 பங்கும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2024இல் விளையாட்டுக்கென்று ஒரு படிப்புக்கு 2 இடம் வீதம் தனியே திறந்தது, ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் இருந்தாக வேண்டும். கலை, வணிகவியல் கல்லூரிகள்தான் நடுத்தர மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு எட்டக்கூடியவை. சென்னை லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவற்றில் விளையாட்டு வீரர்களைச் சேர்க்கும் மரபு பழமையானது. எந்த இடத்திலும் மதிப்பெண் அடியோடு மறக்கப்படுவதில்லை. குறைந்தபட்சத் தகுதி என்ற ஒரு கோடு எல்லாவற்றிலும் உண்டு. "விளையாடினால் படிக்க வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால், அல்லது அவன் சார்பில் மாமா ஒருவர் சொன்னால், நம்பாதீர்கள்.

காகிதத்தின் கதை

இனிச் சொல்லப்போவது சலிப்பூட்டும் பகுதி. ஆனால் இடங்கள் பறிபோவது இங்கேதான்.

நம் மாநிலத்தில் பள்ளி விளையாட்டு தாலுகா அல்லது மாநகராட்சி நிலையில் தொடங்கி, மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறி, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டியில் முடிகிறது. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். பெயர்ப் பதிவு பள்ளியின் வழியாகவே நடக்கும். மாநில விளையாட்டு இயக்ககம் அங்கீகரித்த போட்டிகளில் உயர்ந்த நிலைக்குச் சென்ற மாணவருக்குப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் வாரியம் சலுகை மதிப்பெண்ணும் தருகிறது, உச்சவரம்பு 25. அதற்கான விண்ணப்பம் தேர்வு முடிவுக்கு முன்பே பள்ளியின் மூலம் போயிருக்க வேண்டும். மாநில நிலை வரை ஆடிய பிள்ளையின் பெற்றோரே இதை அறியாமல் இருக்கிறார்கள். பள்ளி அலுவலகமும் தானாக முன்வந்து சொல்வது அரிது.

இதற்கு நேர்மாறான ஒரு சங்கதியும் நடக்கிறது. ஏதோ ஒரு சங்கத்தின் பெயரில் "தேசியப் போட்டி" என்று அறிவிப்பார்கள். பதிவுக் கட்டணம், உடைக் கட்டணம், பயணக் கட்டணம் என்று சில ஆயிரங்கள் வாங்குவார்கள். வெளியூருக்கு அழைத்துப் போய், ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பதக்கம் தருவார்கள். பள பளவென்ற சான்றிதழும் தருவார்கள். பிள்ளையின் புகைப்படம் வாட்ஸ்ஆப் குழுவில் வரும். சபையில் கைதட்டும் கிடைக்கும். கல்லூரி மேசையில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இராது. அந்தச் சங்கம் அரசும் பல்கலைக்கழகமும் ஏற்ற பட்டியலில் உண்டா என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு முறை கேட்டால் தெரிந்துவிடும். அந்தக் கேள்வியைக் கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டும்.

போலிச் சான்றிதழ் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிர அரசு வேலைகளில் விளையாட்டு வீரருக்கு 5 விழுக்காடு இடம் உண்டு. அதைக் குறிவைத்து, டிராம்போலின் போன்ற விளையாட்டுகளின் பெயரில் பொய்ச் சான்று வாங்கி வேலையில் சேர்ந்தவர்கள் சரிபார்ப்பில் அகப்பட்டார்கள். நம் வீடுகளில் இதைச் செய்ய மாட்டோம் என்று நம்புகிறேன். ஆனால் "எல்லாரும் செய்கிறார்கள்" என்ற வசனம் நம் வீடுகளிலும் கேட்கப்படுவதுண்டு.

அடுத்தது பெயர். ஊர் விட்டு வந்த நமக்கென்றே உள்ள தொல்லை இது. தமிழ் வழக்கில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுகிறோம். மராத்தி வழக்கிலோ குடும்பப் பெயர், தன் பெயர், தகப்பனார் பெயர் என்று மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிடுகிறது. ஆதாரில் தலைப்பெழுத்து மட்டும் நிற்கிறது. போட்டிச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயர் ஏறுகிறது. மூன்று காகிதத்தில் மூன்று மனிதர்கள்! ஆறாம் வகுப்பிலேயே இதை ஒன்றாக்கிவிடுங்கள். பிறந்த தேதியும் அப்படியே. பள்ளியில் சேர்க்க வேண்டி ஒரு காலத்தில் கூட்டியோ குறைத்தோ எழுதிய தேதி, வயதுப் பிரிவுப் போட்டியில் குற்றமாக மாறிவிடும்.

தமிழ்நாட்டில் படிக்க வைக்கலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு முதல் பன்னிரண்டு வரை வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் பூர்வீகச் சான்றிதழ் தேவை. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அதற்கும் மேலாக, எந்த மாநிலத்தின் சார்பில் ஆடினான் என்ற கேள்வி எழக்கூடும். மகாராஷ்டிர அணியில் ஆடிய பிள்ளையின் சான்றை எப்படிக் கொள்வார்கள் என்று அந்தந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டு, பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள்.

கடல் கடந்த வாசல்

அமெரிக்கக் கல்லூரிகள் ஓடுகிறவனையும் தாண்டுகிறவனையும் உலகெங்கும் தேடி எடுத்துப் படிக்கவைக்கின்றன என்பது உண்மை. தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், 2016இல் கோயம்புத்தூரில் உயரத் தாண்டலில் 2.26 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டு கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் அவருக்கு உதவித்தொகையோடு இடம் தந்தது. 2018இலும் 2022இலும் அமெரிக்கக் கல்லூரிகளின் வெளியரங்குப் போட்டியில் முதலிடம் பெற்றார். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்.

அங்கேயும் மதிப்பெண்ணுக்கு விடுதலை இல்லை. என்.சி.ஏ.ஏ. எனப்படும் அமைப்பின் முதற்பிரிவில் ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, நான்குக்கு 2.3 என்ற சராசரியாவது எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "அமெரிக்காவில் இலவச சீட்" என்று பணம் கேட்கிற முகவர் வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். தேசியச் சாதனையின் அருகில் நிற்கிற பிள்ளைக்கு மட்டுமே இந்த வாசல் இயல்பாய்த் திறக்கும்.

சீட்டுக்குப் பின்

இடம் கிடைத்த நாளில் குடும்பம் ஸ்தோத்திரம் செலுத்துகிறது. செலுத்தட்டும். ஆனால் அதிகாலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மைதானம், இடையில் வகுப்பு என்ற வாழ்க்கை மறுநாளே தொடங்கிவிடும். 75 விழுக்காடு வருகைப்பதிவு விதி பொதுவாக இருக்கிறது. போட்டிக்குப் போன நாட்களுக்கு உடற்கல்வித் துறையின் கடிதம் வாங்கிக் கொடுத்தால்தான் அந்த நாட்கள் கணக்கில் வரும். பாடத்தில் தவறிய மாணவன் அடுத்த ஆண்டுக்கு ஏறாவிட்டால் அணியில் நீடிப்பதும் கேள்விக்குறியாகும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் 17 முதல் 25 வயது வரையிலுள்ள முழுநேர மாணவரே ஆடலாம். அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்துவிட்டு ஆட முடியாது.

காயத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. கபடியில் முழங்கால் தசைநார் கிழிந்தால் ஓர் ஆண்டு போய்விடும். கட்டணச் சலுகை பல இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. ஆடாத ஆண்டில் அது நின்றுபோனால் குடும்பம் திடீரென்று முழுக் கட்டணத்தையும் சுமக்க நேரும். தகப்பனாருக்கோ தாயாருக்கோ ஈ.எஸ்.ஐ. இருந்தால், அவர்களையே சார்ந்து படிக்கும் பிள்ளைக்கு 21 வயது வரை அதில் மருத்துவம் உண்டு. சிஞ்ச்வட் மோகன் நகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பிள்ளையின் பெயர் அட்டையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

புரதப் பொடி, சக்தி மாத்திரை என்று விடுதி அறைகளில் கைமாறுகிற பொருட்களுக்கும் அஞ்ச வேண்டும். 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய 800 மீட்டர் தங்கத்தை வென்ற திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்துவை நாடே கொண்டாடிற்று. தடைசெய்யப்பட்ட நாண்ட்ரலோன் அவர் உடலில் காணப்பட்டதால் 2020இல் பதக்கம் பறிக்கப்பட்டு, நான்கு ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றே அவர் சொன்னார். விதியோ, உடலில் இருப்பதற்கு ஆடுகிறவரே பொறுப்பு என்கிறது. வேர்க்கடலையும் முட்டையும் பாலும் வீட்டுச் சோறும் எந்தச் சோதனையிலும் தோற்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, உடை

நம் சபைகளில் இந்தப் பேச்சு வரும்போது இரண்டு தயக்கங்கள் எழும்புகின்றன. தேர்வு ஓட்டங்களும் போட்டிகளும் பெரும்பாலும் ஞாயிறன்று வருகின்றன என்பது முதலாவது. எரிக் லிடலின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓடாமல், 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றவர். பின்பு சீனாவில் ஊழியம் செய்து, 1945இல் அங்கே தடுப்பு முகாமில் மரித்தவர். ஆனால் பிரசங்கங்களில் விடுபடுகிற ஒரு விவரம் உண்டு. அவர் கடைசி நிமிஷத்தில் மறுக்கவில்லை. போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தவுடன் சொல்லிவிட்டு, மீதியிருந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி செய்தார். நம் பிள்ளை ஞாயிறு காலையில் ஆடுவானா மாட்டானா என்பதைக் குடும்பமாக ஜெபித்துத் தீர்மானியுங்கள். அது உங்கள் மனச்சாட்சியைச் சார்ந்தது. எந்தத் தீர்மானமானாலும் சேரும்போதே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். இறுதிப் போட்டியின் முந்தின இரவில் தொலைபேசியில் சொல்வது மற்ற பத்துப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பெண்பிள்ளைகளின் உடை இரண்டாவது தயக்கம். இன்று முழுநீளக் காற்சட்டையும் கையுள்ள பனியனும் அணிந்து ஓடுகிற பெண்களைப் பல விளையாட்டுகளில் காணலாம். கேட்டால் அனுமதிக்கிற பயிற்சியாளர்களும் உண்டு. ஆடுமுன் கம்மல், சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுவது கபடியில் விதி. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த வேலை மிச்சம்! உடையைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வெளியூர்ப் போட்டிக்குப் பெண்கள் அணியோடு பெண் ஆசிரியை ஒருவர் வருகிறாரா, தங்குமிடம் எது, இரவில் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நல்ல கல்லூரி இந்தக் கேள்வியால் வருத்தப்படாது.

மே மாதத்துக்குக் காத்திராமல், ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு பி.டி. மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். பன்னிரண்டில் இருக்கும் பிள்ளையானால், தேர்வு எழுதி முடித்த வாரத்திலேயே நான்கைந்து கல்லூரிகளின் உடற்கல்வித் துறைக்கு நேரில் போங்கள். சான்றிதழ்களின் அசலை வீட்டில் வைத்துவிட்டு நகல்களை மட்டும் கொடுங்கள். தேர்வு ஓட்டத்தின் தேதியை அறிவிப்புப் பலகையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இடம் தருவதாகச் சொன்னால், தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிக்கும் உணவுக்கும் உண்டா, எத்தனை ஆண்டுக்கு, காயம் பட்டால் என்ன ஆகும் என்பவற்றைக் கல்லூரித் தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.